உத்தியோகமில்லாதவன் வட்டிக்கும் வரியா?



"படிப்பு முடிந்து உத்தியோகமின்றி வீட்டிலிருக்கிறேன். ஒரு சதமேனும் நான் உழைக்கவில்லை. என் வைப்புப் பணத்தின் வட்டியில் வரி கழிப்பது எந்த நியாயம்?" என்று நம் இளைஞர் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான்.

1932ஆம் ஆண்டு இந்நாட்டில் வந்த வருமான வரி, ஒருவன் உழைத்தானா என்று பார்ப்பதில்லை. வருமானம் வந்ததா என்றே பார்க்கும். தோட்டத்திற் குனிந்து பெற்ற காசும், வங்கியிற் கிடந்து குட்டி போட்ட காசும் அதற்கு ஒன்றே. ஆயினும், வருமானம் பெறுவோர் யாவரும் வரி செலுத்தவேண்டியவர் அல்லர். இங்கேதான் நம்மவர் மயங்கிவிடுகின்றனர்.

2025 ஏப்ரல் 1ஆந் திகதி தொடக்கம், தனியொருவரின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. அதற்கு முன்னர் அவ்வெல்லை 12 இலட்சமாய் இருந்தது. நூற்றுக்கு 8 வட்டியென வைத்துக்கொண்டால், வட்டியால் மாத்திரம் 18 இலட்சம் பெற இரண்டேகால் கோடி ரூபா வைப்பில் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட வேலையற்ற வாலிபரை நான் இன்னும் சந்திக்கவில்லை!

பின் வரி கழிவது எவ்வாறு? வட்டி நம் கையிற் சேருமுன்னரே வங்கி ஒரு பங்கைக் கழித்து அரசாங்கத்துக்கு அனுப்புகிறது. 2020இல் கைவிடப்பட்ட இம்முறை 2023 ஜனவரியில் நூற்றுக்கு 5ஆக மீண்டது. 2025 ஏப்ரலில் 10 ஆயிற்று. தகப்பனாரின் சேமலாப நிதியில் மிஞ்சிய 10 இலட்சத்தை ஒரு குடும்பம் வைப்பில் இட்டதென்று கொள்வோம். மேற்சொன்ன கணக்கில் வட்டி 80,000, கழிவது 8,000. கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய்வர உதவும் பணம் அது. அவர்கள் கொடுக்கவேண்டிய வரியோ பூச்சியம்.

இதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதென்று சுய பிரகடனப் பத்திரம் ஒன்றை எழுதி வங்கியிற் கொடுத்தால், வங்கி கழிக்காது. அதற்கு வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் வேண்டும். "அந்த இலக்கத்தை எடுத்தால் வரிகாரன் வீடு தேடி வருவான்" என்று அஞ்சி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இழப்போர் உளர். இலக்கம் பெறுவது வேறு, வரி கடன்படுவது வேறு. வராத கடனைத் தடுக்கும் வாசல் இவ்விலக்கமேயாகும். பத்திரம் கொடுப்பதை இரந்து கேட்பதாக எண்ணி நாணுவதும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. எல்லா வங்கி வட்டியும், வீட்டு வாடகையும், பிற வரவும் கூட்டிப் பார்த்தே கையெழுத்திடவேண்டும். ஒரு வங்கிப் புத்தகத்தை மாத்திரம் பார்த்து எழுதுவது பொய்ப் பிரகடனமாய் முடியலாம், அது குற்றம்.

முன்னரே கழிந்த பணம் போனது போனதுதானா? இல்லை. வங்கி தரும் கழிவுச் சான்றிதழ்களைச் சேர்த்து வைத்து, மார்ச் 31இல் முடியும் வரியாண்டுக்குரிய வருமான அறிக்கையை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பி, மிகையைத் திருப்பிக் கேட்கலாம். கொட்டைப்பெட்டியிற் காசு முடிந்த காலத்து ஆச்சிமாருக்கு இப்பத்திரங்கள் விளங்கா. அவர்களின் வைப்புப் புத்தகங்களையும் வாங்கிப் பாருங்கள். புதிய வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது.