மூன்று டாலர் டாக்டரும் ஒரு சங்கமும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வரவு செலவு வாசிப்பதற்கும் தேநீருக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்த செயலாளருக்கு நன்றி.

சங்கம் என்றால் நமக்குத் தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங், பராமரிப்புக் கட்டணம்தான் நினைவுக்கு வரும். வேறொரு நாட்டில் ஒரு சங்கம் எப்படித் தொடங்கியது, என்ன சாதித்தது என்று இன்று சொல்கிறேன். அதைத் தொடங்கியவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். சொந்தமாகச் சின்ன கிளினிக் நடத்திய மருத்துவர். பெயர் ஹெக்டர் கார்சியா.

அவர் 1914இல் மெக்சிகோவில் பிறந்தார். அங்கே புரட்சி நடந்துகொண்டிருந்ததால் 1917இல் குடும்பம் எல்லை தாண்டி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெர்சிடிஸ் என்ற ஊருக்கு வந்தது. அப்பா மெக்சிகோவில் ஆசிரியர். அந்தத் தகுதி அமெரிக்காவில் செல்லுபடியாகவில்லை. சகோதரர்களோடு சேர்ந்து ஒரு கடை வைத்தார். அந்தக் கடைக்காரரின் பிள்ளைகளில் ஆறு பேர் மருத்துவர்கள் ஆனார்கள் என்றால், வீட்டில் படிப்புக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று பாருங்கள்.

ஹெக்டர் 1940இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1942இல் ராணுவத்தில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றினார், வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கினார். 1946இல் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்தில் கிளினிக் திறந்தார். பக்கத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அந்த அலுவலகம் அனுப்பும் நோயாளிகளைத் தலைக்கு மூன்று டாலருக்குப் பார்க்க ஒப்புக்கொண்டார். கையில் காசில்லாமல் வந்தவர்களுக்கும் வைத்தியம் பார்த்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடன், மருத்துவ வசதி எல்லாம் உண்டு என்று 1944இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் மெக்சிகோ வம்சாவளி வீரர்களுக்கு அவை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பணம் மாதக்கணக்கில் தாமதமானது. பலருக்கு என்ன உரிமை இருக்கிறது, எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பதே தெரியவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1948 மார்ச் 26 அன்று ஒரு தொடக்கப் பள்ளியில் கூட்டம் போட்டார். சுமார் 700 பேர் வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம். ஜி.ஐ. என்றால் அங்கே சாதாரணப் படைவீரன்.

அடுத்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. ஃபெலிக்ஸ் லங்கோரியா என்ற வீரர் 1945இல் பிலிப்பைன்ஸில் போரில் இறந்தவர். அவருடைய உடல் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஊருக்குத் திரும்பவிருந்தது. சொந்த ஊர் த்ரீ ரிவர்ஸ். அங்கே இறுதிச் சடங்கு நடத்தித் தரும் ஒரே நிறுவனத்தின் கூடத்தில் அஞ்சலிக்கு வைக்க வேண்டும் என்று அவர் மனைவி பியாட்ரிஸ் கேட்டார். வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லி உரிமையாளர் மறுத்துவிட்டார்.

விஷயம் கார்சியாவிடம் வந்தது. முதலில் உரிமையாளருக்கே போன் செய்து கேட்டார். பதில் மாறவில்லை. உடனே அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் தந்திகள் அனுப்பினார். ஜனவரி 11, 1949 அன்று பொதுக்கூட்டம் கூட்டினார். அந்தக் கூட்டத்திலேயே ஒரு பதில் தந்தி வாசிக்கப்பட்டது. அனுப்பியவர் அந்த மாதம்தான் செனட்டராகப் பதவியேற்றிருந்த லிண்டன் ஜான்சன், பிற்காலத்தில் ஜனாதிபதியானவர். பிப்ரவரி 16 அன்று லங்கோரியா ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

இதை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அந்த அம்மா கேட்டது சொந்த ஊரில் ஒரு கூடம். கிடைத்தது வெகு தொலைவில் ஒரு கல்லறை. பிறகு டெக்சாஸ் சட்டமன்றக் குழு விசாரித்து, பாகுபாடே நடக்கவில்லை என்று அறிக்கை தந்தது. நாடே அறிந்த பிறகும் ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் சங்கம் கலைந்துபோகாமல் தொடர வேண்டியிருந்தது.

தொடர்ந்தது. பெண்களுக்குத் துணை அமைப்பு, இளைஞர்களுக்குத் துணை அமைப்பு என்று குடும்பம் குடும்பமாக உள்ளே வந்தார்கள். அப்போது டெக்சாஸில் ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். அதைக் கட்டச் சொல்லி வீடு வீடாகப் போனார்கள். டெக்சாஸின் ஜாக்சன் கவுன்டியில் 25 ஆண்டுகளாக ஜூரியில் ஒரு மெக்சிகோ வம்சாவளியினர்கூட இடம்பெறவில்லை. அது தொடர்பான ஹெர்னாண்டஸ் வழக்குக்கு உதவினார்கள். 1954 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

1984இல் கார்சியாவுக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 1996இல், 82 வயதில் காலமானார்.

அன்பர்களே, இவர் கதையை எதற்காக இந்தக் கூட்டத்தில் சொல்கிறேன்? நாம் அவ்வளவு பெரிய போராட்டம் நடத்தப்போவதில்லை. ஆனால் அவர் கையில் இருந்த கருவிகள் நம்மிடமும் இருக்கின்றன: ஒரு உறுப்பினர் பட்டியல், ஒரு கூட்ட அறை, ஒரு கடிதம், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த நாலு பேர். எந்தக் கூட்டத்துக்கும் வராத வீடு ஒன்று உங்கள் மாடியில் இருக்கும். தனியாக இருக்கும் ஒரு பெரியவர், ஓய்வூதியத் தாளை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கலாம். நம் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அரசு தரும் உதவிகள் என்னென்ன என்று யாரும் சொல்லாமலே இருந்திருக்கலாம். இந்த வாரம் அந்த ஒரு கதவைத் தட்டுங்கள், அந்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதிக் கொண்டுவந்து செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்த்துப் பேசுவோம்.

தேநீர் தயாராக இருக்கிறது.