செம்பருத்திக்கு மருந்து அடிக்கும் முன்னால்



சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் பேச இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சு, வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவ. எனக்குத் தெரிஞ்சது எங்க வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தி. அதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

செம்பருத்தி இல்லாத வீடு நம்ம பக்கம் குறைவுங்க. அழகுக்கு வெச்ச செடின்னாலும் சாமிக்குப் பூ, தலைக்கு இலைன்னு ரெண்டுக்கும் உதவுது. எங்க குழுவில் சீயக்காய்ப் பொடி அரைக்கிறோம். சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கோட காய வெச்ச செம்பருத்தி இலையும் பூவும் சேர்க்கிறோம். இலையெல்லாம் உறுப்பினர் வீட்டுச் செடியிலிருந்துதான் வருது. அதனால ஒரு வீட்டில் செடிக்கு எதைத் தெளிக்கிறாங்க என்பது அந்த வீட்டு விஷயம் மட்டும் இல்லை. அது பாக்கெட்டில் ஏறி, முகம் தெரியாத ஒருத்தங்க வீட்டுக் குழந்தை தலைக்குப் போகுது.

செம்பருத்திக்கு வரும் பெரிய தொந்தரவு மாவுப்பூச்சி. கொழுந்திலும் இலைக்கு அடியிலும் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கும். சாற்றை உறிஞ்சும். கொழுந்து சுருண்டு போகும், மொட்டு உதிரும். அது விடும் இனிப்பு நீர் இலையில் பிசுபிசுன்னு ஒட்டும். அதுமேல கரும்பூசணம் படரும். இதைப் பார்த்ததும் நம்மில் பலர் என்ன செய்யறோம்? காட்டுக்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்கும். அதை எடுத்து மூடியில் அளந்து செடிக்கு அடிச்சு விடறோம். அதைத்தான் வேண்டாம்னு சொல்ல வந்தேன். காரணத்தையும் சொல்றேன்.

2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டது இங்கே சில பேருக்கு நினைவிருக்கும். மெக்சிகோ, நடு அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி அது. பப்பாளி, குச்சிக்கிழங்கு, மல்பெரி, பருத்தின்னு ஒன்றையும் விடலை. வீட்டுச் செம்பருத்தியும் வேலியோரப் பார்த்தீனியமும் அதுக்குத் தங்குமிடம் ஆச்சு. விவசாயிங்க மாற்றி மாற்றி மருந்து அடிச்சாங்க. பூச்சி மேல மெழுகு மாதிரி மாவு மூடியிருக்கிறதால மருந்து சரியா உள்ளே இறங்கலை. அடிச்ச மருந்தில் அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள்தான் செத்துச்சு.

கடைசியில் வழி கிடைச்சது இன்னொரு பூச்சியால. 2010-ல் பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்தார் போர்ட்டோ ரிக்கோ என்ற தீவிலிருந்து மூணு வகைக் குட்டிக் குளவிகளைக் கொண்டு வந்தாங்க. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதில் நல்லா வேலை செய்த குளவி ஒரு கடுகு அளவு கூட இருக்காது. நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ளே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்தே அதைத் தின்னு முடிச்சு வெளியே வரும். வருஷக்கணக்கில் ஆட்டி வெச்ச பூச்சி அதுக்கப்புறம்தான் அடங்குச்சு. அந்தக் குளவி இன்னும் நம்ம ஊர்க் காற்றில் இருக்கு. நாம விஷம் தெளிச்சா, சம்பளம் கேட்காத அந்த வேலைக்காரிதான் முதலில் சாவா.

பொறிவண்டுக் கதையும் அப்படித்தான். மாவுப்பூச்சி தின்னும் ஒரு வகைப் பொறிவண்டு இருக்கு. அதோட புழு பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை நூல் நூலா இருக்கும். தெரியாதவங்க அதையும் நசுக்கிடுவாங்க. அடையாளம் சொல்றேன்: அது மாவுப்பூச்சியை விடப் பெரிசு, தொட்டா வேகமா ஓடும். மாவுப்பூச்சி அசைஞ்சா அசையும், இல்லேன்னா இல்லை. வேகமா ஓடறதை விட்டுடுங்க.

சரி, மருந்து வேண்டாம்னா என்ன செய்யறது? முதலில் எறும்பைப் பாருங்க. தண்டில் எறும்பு வரிசையா ஏறுதுன்னா மேலே பூச்சி இருக்குன்னு அர்த்தம். இனிப்பு நீருக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். அடித்தண்டில் பழைய துணியைச் சுற்றி, துணி மேல கிரீஸ் தடவுங்க. பட்டை மேல நேரா தடவ வேண்டாம். சுவரிலோ வேலியிலோ உரசற கிளையையும் வெட்டிடுங்க, இல்லேன்னா எறும்பு அந்த வழியா ஏறிடும்.

ரெண்டாவது, பூச்சி அப்பின கொழுந்தைக் கிள்ளி சோப்புத் தண்ணியில் முக்குங்க. குப்பைக்குழியில் போட்டா அங்கிருந்து திரும்ப ஏறும். மிச்சத்தை இலைக்கு அடியில் படற மாதிரி தண்ணியை வேகமா பீய்ச்சிக் கழுவுங்க. பாதிக்கு மேல அதிலேயே போயிடும்.

மூணாவது, அப்புறமும் இருந்தா 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியிலும் தெளிக்கணும். ஒரு தடவை தெளிச்சுட்டு விட்டா பிரயோசனம் இல்லை. முட்டைப்பை மாவுக்குள்ளே பத்திரமா இருக்கும். புதுசா பொரிக்கும் குஞ்சுக்கு மேல மாவு இருக்காது, அப்போதான் மாட்டும். அதனால வாரம் ஒரு தடவை, மூணு வாரம் தெளிங்க. வேப்பெண்ணெய் தெளிச்ச இலையையும் உடனே பறிக்காம, ஒரு வாரம் விட்டு, நல்லா கழுவிப் பறிக்கலாம்.

செடி தெம்பா இருந்தா பூச்சியும் குறைவுதான். செம்பருத்திக்கு ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரம் வெயில் வேணும். தினம் தினம் தண்ணி ஊத்தணும்னு இல்லை. ஒரு விரற்கணு மண்ணுக்குள்ளே விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா அன்னைக்கு வேண்டாம். தொட்டியில் வெச்சா அடியில் ஓட்டை இருக்கணும், செம்மண், மணல், மக்கின எரு சமமா இருக்கட்டும். பச்சைச் சாணியைக் கொட்டினா மக்கும்போது வர்ற சூட்டில் வேர் கருகும். உரத்தையும் அளவுக்கு மேல போட்டா கொழுந்து தளதளன்னு வரும், பூச்சிக்கு அதுதான் விருந்து. பூ புதுக் கிளையில்தான் வரும், அதனால மழை தொடங்கினதும் கிளையை மூணில் ஒரு பங்கு வெட்டி விடுங்க. கடும் கோடையில் வெட்டாதீங்க.

மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் வெயில் ஏற ஏற மாவுப்பூச்சி பெருகும். அந்த நாலு மாசமும் வெள்ளிக்கிழமை பூப் பறிக்கும்போது நாலு இலையைத் திருப்பிப் பார்த்தா போதும். நாலு பூச்சி இருக்கும்போது விரலால் துடைக்கலாம். நானூறு ஆன பிறகுதான் மருந்துக் கடை ஞாபகம் வருது.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். பொடிக்கு இலை கொடுக்கும் வீடுகளில் செடிக்கு விஷ மருந்து அடிக்க மாட்டோம்னு ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதணும். அப்படி ஒரு வீட்டில் அடிச்சிருந்தா, கூச்சப்படாம குழுவில் சொல்லணும். சொன்னவங்களை யாரும் ஏசக் கூடாது. அந்தச் செடி இலையை மட்டும் எடுக்காம விட்டா போதும். நம்ம பொடியை வாங்கறவங்க சீட்டில் எழுதினதைப் படிச்சு வாங்கலை, நம்ம ஊர்ப் பொம்பளைங்க அரைச்சதுன்னு நம்பி வாங்கறாங்க. அந்த நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க எந்த வங்கியும் கடன் தராது.