புது ஊரில் முதல் கடன்

(செரண்டா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் செரண்டா, ரவாங், பத்தாங்காலி வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீட்டு மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. நம் பிள்ளைகள் பலர் வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் புறப்படுகிறார்கள். எஞ்சியிருக்கும் தோட்டங்களிலோ இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் நம்மோடு சேர்ந்து உழைக்கிறார்கள். போகிறவரும் வருகிறவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "புது ஊரில் நமக்குக் கடன் அட்டை கிடைக்குமா? கிடைத்தால் வாங்கலாமா?" இதற்கு நாம் கூடி விடை காண்பது அவசியம்.

கடன் என்பது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் இந்நாட்டில் காலடி வைக்கும் முன்பே பலர் பேரில் கடன் ஏறியிருந்தது. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கப்பல் செலவு எல்லாம் பற்றெழுதப்பட்டன. 1907ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, முதலாளிமார் செலுத்திய வரியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்படலாயிற்று. 1910ல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. 1938ல் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதையே தடுத்துவிட்டது. ஆனாலும் ஊரில் வாங்கிய முன்பணமும் தோட்டக் கடைப் பற்றும் பலரை விடாமல் தொடர்ந்தன. காரணம் என்ன? கணக்கு எழுதியவர் ஒருவர், கைநாட்டு வைத்தவர் வேறொருவர். தன் பேரில் எவ்வளவு நிற்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

ஆகவே, புது ஊரில் கடன் வாங்கலாமா என்று கேட்பதற்கு முன், அந்தக் கணக்கு யார் கையில் இருக்கும் என்று கேட்க வேண்டும்.

கடன் அட்டை என்பதும் ஒரு பற்றுப் புத்தகமே. கடைக்காரருக்குப் பதிலாக வங்கி எழுதுகிறது. மாதாமாதம் கணக்குத் தாள் வரும். அதில் கண்ட தொகை முழுவதையும் குறித்த தேதிக்குள் கட்டிவிட்டால், வாங்கிய சாமான்களுக்கு வட்டி இல்லை. குறையாகக் கட்டினால் வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த அன்றே வட்டி தொடங்கும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

இந்த அட்டை யாருக்குக் கிடைக்கும்? மலேசியாவில் வருஷ வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. பன்னிரண்டு மாதத்திற்குப் பெருக்கிப் பாருங்கள்: 20,400 ரிங்கிட்தான். குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் வாங்கும் தொழிலாளி, உள்ளூராரானாலும் வெளிநாட்டாரானாலும், வங்கியின் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார். சிங்கப்பூரில் வருஷத்துக்கு 30,000 சிங்கப்பூர் வெள்ளி என்பது பொது விதி; வெளிநாட்டாரிடம் வங்கிகள் பல இதற்கும் மேலே கேட்கின்றன.

வருமானம் இருந்தாலும் புதிதாக வந்தவரை வங்கி தயங்கித்தான் பார்க்கும். மலேசியாவில் நாம் ஒழுங்காகக் கடன் கட்டிய விவரம் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவேட்டில் இருக்கிறது. எல்லை தாண்டினால் அந்த நல்ல பேர் நம்மோடு வருவதில்லை. அங்கே நம் பக்கம் வெற்றுத் தாள். போதாததற்கு, வேலை அனுமதியும் குறுகிய காலத்திற்குத்தான். நாளை ஊருக்குத் திரும்பிவிடுவாரோ என்று வங்கி அஞ்சுகிறது. "வேண்டாம்" என்று அது சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் வழி என்ன? நம் தோட்டங்களில் இருந்த சிக்கனக் கடன் சங்கங்களை மூத்தவர்கள் அறிவார்கள். முதலில் மாதாமாதம் சேமிப்பு. பிறகு அந்தச் சேமிப்பின் பலத்தில் கடன். இதே முறை வங்கியிலும் உண்டு. சிங்கப்பூரில் 10,000 வெள்ளியை நிரந்தர வைப்பாகப் போட்டால், வருமானம் குறைந்தவருக்கும் அந்த வைப்பின் பேரில் அட்டை கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. அது பெருந்தொகைதான். அது சேரும் வரை, சம்பளம் விழும் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பதும், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும், தொலைபேசிக் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டுவதுமே போதும். சாமான் வாங்கவும் பஸ்ஸுக்கும், கணக்கில் இருக்கும் பணத்தை மட்டுமே எடுக்கும் சாதாரண வங்கி அட்டை தாராளமாக உதவும்.

அட்டை கிடைத்தவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். 3,000 ரிங்கிட் பற்று இருக்கிறது. வட்டி வருஷத்திற்கு 18 சதவீதம் என்று வைப்போம். "குறைந்தது 5 சதவீதம் கட்டினால் போதும்" என்று தாளில் இருக்கும். அதை நம்பி, வேறொன்றும் வாங்காமல், அந்தக் குறைந்த தொகையை மட்டும் கட்டி வந்தால், ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 1,500 ரிங்கிட் கட்டியிருப்போம். அதில் 440 ரிங்கிட்டுக்கு மேல் வட்டிக்கே போயிருக்கும். கடனோ இன்னும் 1,900 ரிங்கிட்டுக்கு மேல் நிற்கும். சிங்கப்பூரிலே கடன் அட்டை வட்டி 25 சதவீதத்தையும் தாண்டுகிறது. பால்மரத்தைப் பட்டையளவில் சீவினால் பட்டை மறுபடி வளரும். கத்தி மரத்தில் பட்டால் பட்டை சீராக வளர்வதில்லை. முழுத்தொகை கட்டுகிறவர் பட்டையளவில் சீவுகிறார். குறைந்த தொகை மட்டும் கட்டுகிறவர் மரத்தில் கத்தி வைக்கிறார்.

தோழர்களே! அட்டையை விடக் கொடியது ஒன்று உண்டு. வங்கி மறுத்தவரை ஆலோங் வரவேற்கிறான். தரகருக்குக் கட்டக் கடன் பட்டு வந்த புதிய தொழிலாளி அவனிடம் போகிறார். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும், சில வேளை பாஸ்போர்ட்டையும் அடகு கேட்கிறான். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் சிறிதாகத் தோன்றும். வருஷத்திற்கு அது 120! 1951ம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர், ஈடில்லாத கடனுக்கு வருஷம் 18 சதவீதத்துக்கு மேலும், ஈடுள்ள கடனுக்கு 12 சதவீதத்துக்கு மேலும் வட்டி வாங்கக்கூடாது. பிறர் பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வமான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஏ.டி.எம். அட்டையைக் கொடுத்தவர் சம்பளப் புத்தகத்தையே கொடுத்தவராகிறார். அன்று பாட்டனின் கணக்கு பிறர் கையில் இருந்தது. இன்று பேரனின் கணக்கும் அப்படி ஆவதா?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை:

ஒன்று, வங்கிக் கணக்கு, இரகசிய எண், பாஸ்போர்ட் மூன்றும் அவரவர் கையிலேயே இருக்கட்டும்.

இரண்டு, புது ஊரில் ஆறு மாதச் சம்பளம் பார்க்கும் வரை அட்டையைப் பற்றி நினைக்க வேண்டாம்.

மூன்று, வாங்கினால் ஓர் அட்டை போதும். மாதாமாதம் முழுத்தொகையும் கட்டுவோம்.

நான்கு, கட்ட முடியாமற்போனால் ஒளியவேண்டாம். மலேசியாவில் 2006 முதல் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையம் கட்டணமின்றி வழிகாட்டுகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு அட்டை வாங்குவது தீயை எண்ணெய் ஊற்றி அணைப்பதாகும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளி ஒரு தாளை நீட்டி "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால், கையெழுத்துப் போடும் முன்பே அதை வாசித்துச் சொல்லுங்கள். தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடைசித் தேதி எது என்ற மூன்றையும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். அன்று நம் பாட்டன்மாருக்கு அப்படி வாசித்துச் சொல்ல ஆளில்லை. இன்று நாம் இருக்கிறோம்.