டப்பாவின் பின்பக்கம்

என் முன்னால் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. கூட்டுப் பெருங்காயம். சுவிசில் உள்ள நம் தமிழ்க் கடைகளில் வாங்கக்கூடியதுதான். முன்பக்கம் தமிழும் ஆங்கிலமும். பின்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், எறும்பு போன்ற எழுத்து. அதில் ஒரு சொல் மட்டும் தடித்துத் தெரிகிறது: வைட்சன்மேல். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கோதுமை மா.

பெருங்காயத்துக்குள் கோதுமையா? ஆம். தனிப் பெருங்காயத்தின் நெடி பொல்லாதது. அதனால் பிசினும் மாவும் கலந்து விற்கிறார்கள். சிலர் அரிசி மா சேர்ப்பதும் உண்டு. எந்த மா என்பது பின்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். நமக்கு அது ஒரு சிட்டிகை வாசம். கோதுமையிலுள்ள குளூட்டன் ஆகாத சீலியாக் நோயுள்ள பிள்ளைக்கோ, அந்தச் சிட்டிகை விழுந்த சாம்பாரும் கூடாது, ரசமும் கூடாது.

அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போட வைத்தது சட்டம். சுவிசின் புதிய உணவுச் சட்டம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலில் எடுப்பாகக் காட்ட வேண்டும். கோதுமை, பால், முட்டை, மீன், இறால், கச்சான், முந்திரி, கடுகு, எள்ளு என்று அது நீள்கிறது. வாசிக்க வாசிக்க நம் குசினி அலுமாரியைத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. தாளிக்கக் கடுகு, தோசைக்கு நல்லெண்ணெய், பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை. எதை விட முடியும்?

விவரம் டொச், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவற்றில் ஒன்றிலாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே டப்பாவைத் திருப்பிப் பேரன் வாசிக்க, அம்மம்மா கேட்டுக்கொண்டு நிற்பதை எத்தனையோ கடைகளில் கண்டிருக்கிறேன். அம்மம்மாமாரே, மூன்று சொற்களை மனதில் வையுங்கள். ஸென்ஃப் என்றால் கடுகு. ஸேசாம் என்றால் எள்ளு. ஏர்ட்நுஸ் என்றால் கச்சான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வடைக்கும் ரோல்ஸுக்கும் ஸ்டிக்கர் கிடையாது. அதற்காகச் சட்டம் விட்டுவிடவில்லை. ஒவ்வாமைப் பொருட்களை எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால், கேட்டால் சொல்வோம் என்று எழுதி ஒட்டிவிட்டு, சரியான விவரம் தெரிந்தவர் அங்கே நிற்க வேண்டும். ஒரு கடையில் ஒவ்வாமைப் பொருள் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "கொஞ்சம்தானே, ஒண்டும் செய்யாது" என்று பதில் வந்தது. அன்பாகச் சொன்ன பதில்தான். ஆனாலும் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தொண்டை அடைத்துக்கொள்ள அந்தக் கொஞ்சமே போதும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வதே அந்தப் பிள்ளையின் தாய்க்குச் செய்யும் உதவி.

கடை நடத்தும் அண்ணாமாரே, அக்காமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விலை ஸ்டிக்கரைச் சேர்மானப் பட்டியலின் மேல் ஒட்டாதீர்கள். வேறு இடத்தில் ஒட்டுங்கள்.