மலேசியாவில் செய்திக் கட்டு தளர்ந்த கதை

செய்தியை அடக்கி ஆள நினைக்கும் அரசுக்கு ஒவ்வொரு வரியையும் படித்து அடித்துத் திருத்தும் தணிக்கையாளர் தேவையில்லை, அச்சிடும் அனுமதி அதன் கையில் இருந்தாலே போதும் என்பதற்கு மலேசியாவே சான்று. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி அங்கே ஒவ்வொரு நாளிதழும் உள்துறை அமைச்சரிடம் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில், லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டபோது, தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய மூன்று இதழ்களின் உரிமமும் பறிக்கப்பட்டது. எவரும் ஆணையிடாமலேயே இடர் தரும் செய்தியை ஆசிரியரே ஒதுக்கிவிடும் வழக்கம், அதாவது சுயதணிக்கை, அதன்பின் செய்தி அறைகளில் ஆழமாக வேரூன்றியது. போதாக்குறைக்கு, உத்துசான் மலேசியா நாளிதழ் ஆளும் கூட்டணியின் முதன்மைக் கட்சியான அம்னோவின் பிடியிலும், தி ஸ்டார் மலேசிய சீனர் சங்கத்தின் உடைமையாகவும், தமிழ் நேசன் மலேசிய இந்திய காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தாரிடமும் இருந்தன; தேசிய முன்னணி என்ற அந்த ஆளும் கூட்டணியினரே வாசகனின் காலைச் செய்தியைத் தீர்மானித்தனர்.

இந்தக் கட்டு தளர்ந்தது அரசின் பெருந்தன்மையால் அன்று. அயல்நாட்டுத் தொழில்நுட்ப முதலீட்டை ஈர்ப்பதற்காக பிரதமர் மகாதீர் முகமதுவின் அரசு 1990களில் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்னும் சிறப்பு மண்டலத்தை அமைத்தபோது, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று வாக்களித்தது. அவ்வாக்கு 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் இடம்பெற்றது. அச்சுக்குத்தான் உரிமம், இணையதளத்துக்கு இல்லை! அதே ஆண்டு செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டுக் கைதானபோது, நாளிதழ்கள் அரசின் குரலையே ஒலிக்கக் கண்டு சலித்த மக்கள் இணையத்தை நாடினர். மறு ஆண்டு நவம்பரில் ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் மலேசியாகினி என்ற செய்தி இணையதளத்தைத் தொடங்கினர். 2003இல் காவல்துறை அதன் அலுவலகத்தில் புகுந்து கணினிகளை அள்ளிச் சென்றபோதும் அது ஓயவில்லை.

தமிழர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய நாள் 2007 நவம்பர் 25. பிரிட்டிஷ் ஆட்சியில் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள், பிரிட்டிஷ் அரசிடம் இழப்பீடு கோரியும், சொந்த நாட்டில் தாங்கள் புறக்கணிக்கப்படுவதைக் கண்டித்தும், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் அமைப்பின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கில் கோலாலம்பூரில் திரண்டபோது, காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியும் ரசாயனம் கலந்த நீரைப் பீய்ச்சியும் அவர்களைக் கலைத்தது. அடிபட்டவர்களின் முகங்களைக் காட்டிய காணொளிகள் இணையத்தில் பரவின. பல்லாண்டுகளாகத் தோட்டப்புறத்துத் தமிழர் குமுறிய குமுறலை நாட்டின் பிற இனத்தவரும் நேராகக் கண்டனர், கேட்டனர். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட் தொகுதியில் சாமிவேலுவே தோற்றார். இத்தோல்விக்கு இணையமே காரணம் என்பது மிகை. தெருவில் திரண்டவர்களின் துணிவை மறைக்க முடியாமற்போனதே இணையம் செய்த உதவி.

அதிகாரம் அத்துடன் கைகட்டி நின்றுவிடவில்லை. 2015 ஜூலையில், 1எம்டிபி அரசு முதலீட்டு நிதியத்தின் முறைகேட்டை அம்பலப்படுத்திய சரவாக் ரிப்போர்ட் இணையதளம், பழைய வாக்குறுதியையும் மீறி, முடக்கப்பட்டது. அதைப் பற்றி எழுதிய தி எட்ஜ் குழுமத்தின் இரு இதழ்களுடைய உரிமமும் மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் புரிந்ததாகக் கூறி, கூட்டரசு நீதிமன்றம் 5,00,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. கட்சியின் பணத்தை நம்பாமல் வாசகரின் சந்தாவை நம்பி வளர்ந்த அந்நிறுவனம் மக்களிடமே கையேந்தியது. சில மணி நேரத்தில் அந்தத் தொகை முழுவதையும் மக்கள் திரட்டிக் கொடுத்துவிட்டனர்.