விக்கிப்பீடியாவில் யாருக்கு இடம்?

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இளைஞர்களிடம் இப்போது ஒரு புதிய ஆதங்கம் பரவி வருகிறது. "நம் தலைவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதினோம். ஒரே வாரத்தில் நீக்கிவிட்டார்கள். முஸ்லிம் என்பதால்தானே நீக்கினார்கள்?" என்று கொதிக்கிறார்கள். வியாபாரிகளிடம் வேறொரு கேள்வி இருக்கிறது. "பணம் கட்டினால் உங்கள் பெயரில் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று போன் வருகிறது. கட்டலாமா?" என்கிறார்கள்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மனிதர் கட்டுரைக்குத் தகுதியானவரா இல்லையா என்பதை அங்கே எப்படி முடிவு செய்கிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால், கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படலாம். கோபம் தேவையில்லாத இடத்தில் நம் சக்தியை வீணாக்காமல் இருக்கலாம்.

சிறப்பு வேறு, சான்று வேறு!

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் துவங்கியது. தமிழில் 2003ல் துவங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அப்படியானால் ஊரில் உள்ள எல்லோரையும் பற்றி எழுதிவிடலாமே? அதைத் தடுப்பதற்காகத்தான் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்குக் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர்.

அந்த அளவுகோல் என்ன கேட்கிறது? இவர் நல்லவரா என்று கேட்கவில்லை. இவர் எத்தனை பேருக்கு உதவினார் என்றும் கேட்கவில்லை. இவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள், நம்பத்தகுந்த பத்திரிகைகளிலோ நூல்களிலோ, இவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? இதுதான் கேள்வி. கூட்டத்தில் கலந்துகொண்டோர் பட்டியலில் பெயர் வந்தால் போதாது. அவரைப் பற்றியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் வந்தால் போதாது, பல இடங்களில் வந்திருக்க வேண்டும்.

இப்போது நம் கையில் உள்ள ஆதாரங்களை எடுத்துப் பாருங்கள்! நாமே வெளியிட்ட அறிக்கை, நாமே அடித்த நோட்டீஸ், நாமே போட்ட மாநாட்டு மலர், நாம் காசு கொடுத்து நாளிதழில் போட்ட விளம்பரம். இவற்றில் எது அந்த அளவுகோலில் தேறும்? எதுவும் தேறாது! ஏன், இந்தப் பத்திரிகையில் நம் தலைவரைப் பற்றி நாம் எழுதுவதும் தேறாது. தலைவரும் நம்முடையவர், பத்திரிகையும் நம்முடையது. தந்தைக்காக மகன் சொல்லும் சாட்சியை எந்தக் காழி ஏற்பார்?

இதில் இன்னொரு விபரமும் உண்டு. பாராளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் பொதுவாகத் தகுதியுள்ளவர்கள் என்றே ஆங்கில விக்கிப்பீடியாவில் கருதப்படுகிறார்கள். அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று எப்படியும் இருக்கும் என்பது காரணம். வார்டு கவுன்சிலருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் எம்.எல்.ஏ.வை விட அதிகம் உழைத்தவராக இருக்கலாம். ஆனாலும் சான்று காட்ட வேண்டும். பெரிய மனிதரின் மகன், மருமகன் என்பதும் அங்கே செல்லாது.

நமக்குப் புதிதா இது?

மதரஸாவில் ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது. ஓர் அறிவிப்பாளரிடமிருந்து ஒரே ஒருவர் மட்டும் அறிவித்திருக்கிறார், அவர் நம்பகமானவர் என்று எந்த அறிஞரும் சான்று சொல்லவில்லை என்றால் அவரை 'மஜ்ஹூல்', அதாவது யாரென அறியப்படாதவர் என்பார்கள். இது அவரைப் பொய்யர் என்று சொல்வதா? இல்லவே இல்லை! அவர் மிகச் சிறந்த மனிதராகக்கூட இருந்திருக்கலாம். அதை முடிவு செய்ய நம்மிடம் போதிய தகவல் இல்லை, அவ்வளவுதான்.

யாரைப் பதிவு செய்வது, யாரை விடுவது என்ற கேள்வியும் பழையதுதான். இர்பிலில் பிறந்து டமாஸ்கஸில் காழியாக இருந்த இப்னு கல்லிகான் (1211-1282), 'வஃபயாத்துல் அஃயான்' என்ற வாழ்க்கை வரலாற்று அகராதியை எழுதினார். எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் வரலாறு அதில் இருக்கிறது. அறிஞர்கள் மட்டுமல்லாமல் அமைச்சர்களும் கவிஞர்களும் கூட இருக்கிறார்கள். அவர் தமக்குத் தாமே ஒரு வரையறை வைத்துக்கொண்டார். இறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தவர்களையே சேர்ப்பது என்பதே அது. கலீஃபாக்களுக்கு அவர் தனித் தலைப்பு தரவில்லை. அவர்களைவிடக் கவிஞர்கள் மேலானவர்கள் என்பதாலா? கலீஃபாக்களைப் பற்றி ஏற்கனவே ஏராளமான நூல்கள் இருந்தன, அதனால்தான்! ஆக, ஒரு நூலில் இடம் பெறுவது கௌரவப் பட்டம் அல்ல. அந்த நூலின் வரையறைக்கு ஒருவர் பொருந்துகிறாரா என்பதே கேள்வி.

வரையறை சரி, ஆனால் நீதி?

அப்படியானால் விக்கிப்பீடியா செய்வதெல்லாம் சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்! இதற்குக் கனடாவில் நடந்த ஒரு நிகழ்வைப் பார்ப்போம்.

டோனா ஸ்டிரிக்லண்ட் என்ற பெண்மணி வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியை. 1985ல், மாணவியாக இருந்தபோதே, தம் ஆசிரியர் ஜெரார் மூரூவுடன் சேர்ந்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை மிகுந்த சக்தியுள்ளதாக மாற்றும் முறை அது. இன்று கண் அறுவைச் சிகிச்சையில் பயன்படும் அதிவேக லேசர்கள் அந்த வழியில் வந்தவைதான்.

2018ல் அவரைப் பற்றி ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். அந்த ஆண்டு மே மாதம் அது நிராகரிக்கப்பட்டது. காட்டப்பட்ட ஆதாரங்கள் அவரது தகுதியை நிறுவவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது! 1903ல் மேரி கியூரி, 1963ல் மரியா கோப்பர்ட் மேயர், அவர்களுக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் இவர். அன்றுதான் விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் வந்தது. அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருடைய ஆசிரியருக்கோ அதற்கு முன்பே பக்கம் இருந்தது!

இதில் குற்றம் யாருடையது? விக்கிப்பீடியாவுக்குப் பங்கு உண்டு. ஸ்டிரிக்லண்ட் 2013ல் ஆப்டிகல் சொசைட்டி என்ற பெரிய விஞ்ஞானச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். பேராசிரியர்களுக்கென்று விக்கிப்பீடியாவே வைத்திருக்கும் தனி அளவுகோலின்படி அந்த ஒன்றே போதுமானது. பரிசீலித்தவர் அதைக் கவனத்தில் கொள்ளவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு பத்திரிகைகளுக்கு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரைத் தேடிச் சென்று எழுத அவற்றுக்குத் தோன்றவில்லை. விக்கிப்பீடியா ஒரு கண்ணாடி மாதிரி. உலகம் யாரைப் பார்க்க மறுக்கிறதோ, அவர் கண்ணாடியிலும் தெரிய மாட்டார். ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை இன்றும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

1497ல் மறைந்த கெய்ரோ அறிஞர் ஸகாவி, தம் நூற்றாண்டு மக்களைப் பற்றிப் பன்னிரண்டு பாகங்களில் எழுதினார். கடைசிப் பாகம் முழுவதையும் பெண்களுக்கே ஒதுக்கி 1,075 பெண்களைப் பதிவு செய்தார். தேடிச் சென்று எழுத ஒருவர் இருந்தார், அதனால் அவர்கள் பெயர் நிலைத்தது!

நீக்கப்பட்டது திரும்பவும் வரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் என்ற கறுப்பினப் பெண் விஞ்ஞானி, 117ஆவது தனிமத்தின் கண்டுபிடிப்புக்குத் தேவையான மூலப்பொருளைச் சுத்திகரித்துக் கொடுத்த குழுவில் இருந்தவர். அவரைப் பற்றிய கட்டுரை 2019ல் நீக்கப்பட்டது. அவரைப் பற்றிப் புதிய எழுத்துகள் வெளிவந்தன. 2020ல் கட்டுரை திரும்ப வந்தது. புதிய சான்றுகள் வந்ததால் முடிவு மாறியது.

வாக்குச் சீட்டு அல்ல!

இளைஞர்களே, கவனியுங்கள்! ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று விவாதம் துவங்கினால், ஆங்கில விக்கிப்பீடியாவில் பொதுவாக ஏழு நாட்கள் அது நடக்கும். உடனே நம் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி அனுப்புகிறார்கள். "எல்லோரும் போய் 'நீக்காதே' என்று எழுதுங்கள்" என்று படை திரட்டுகிறார்கள். இதனால் என்ன பயன்? அது தேர்தல் அல்ல. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதில்லை, யார் என்ன ஆதாரம் காட்டினார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். ஒரே நாளில் கணக்குத் துவங்கிய நூறு பேர் ஒரே வார்த்தையை எழுதினால், அது திட்டமிட்ட வேலை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நூறு பேர் கூச்சலிடுவதை விட ஒருவர் இரண்டு நல்ல ஆதாரங்களைக் காட்டுவது மேல்!

அதற்காக அங்கே பாரபட்சமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. முடிவெடுப்பவர்களும் மனிதர்கள்தான். ஆனால் பாரபட்சம் என்று குற்றம் சாட்டுவதற்கு முன், அளவுகோல் கேட்கும் சான்றை நாம் வைத்துவிட்டோமா? வைத்த பிறகும் மறுத்தால் அப்போது கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்!

வியாபாரிகள் ஏமாற வேண்டாம்!

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. 2015ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பெரும் மோசடி அம்பலமானது. 381 கணக்குகள் முடக்கப்பட்டன. 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. என்ன நடந்தது? தகுதி இல்லை என்று நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளை அந்தக் கும்பல் கண்காணித்தது. அந்தக் கட்டுரைகளுக்கு உரிய சிறு வியாபாரிகளையும் கலைஞர்களையும் தொடர்புகொண்டு, "பணம் கொடுங்கள், ஏற்றித் தருகிறோம்" என்றது. ஏற்றிய பிறகு, "பக்கம் நீக்கப்படாமல் இருக்க மாதா மாதம் கட்டணம்" என்று கறந்தது. கடைசியில் பணமும் போனது, பக்கமும் போனது!

கட்டுரையை ஏற்பதற்கு விக்கிப்பீடியா யாரிடமும் காசு வாங்குவதில்லை. காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர்கள் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014லிருந்து அங்குள்ள விதி. அறிவிக்காமல் செய்து தருகிறேன் என்பவர் விதியை மீறித்தான் உங்களிடம் வருகிறார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பக்கம் வந்துவிட்டால் அது உங்கள் கடைப் பலகை ஆகிவிடாது. நீங்கள் வைத்ததுதான் அதில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். உங்கள் மீது வழக்கு நடந்து, அது பத்திரிகைகளில் வந்திருந்தால், அதையும் ஒருவர் எழுதுவார். 2005ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பற்றிய பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ ஒருவர் விளையாட்டுக்குப் பொய்யை எழுதினார். நான்கு மாதங்கள் அது அப்படியே கிடந்தது! அதன் பிறகுதான் உயிரோடிருப்பவர்களைப் பற்றிய விதிகளைக் கடுமையாக்கினார்கள். பக்கம் இல்லாததால் யாருடைய வியாபாரமும் படுத்துவிடவில்லை, சகோதரர்களே!

நாம் செய்ய வேண்டியது என்ன?

உயிரோடிருக்கும் தலைவர்களுக்குப் பக்கம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். அவர்களைப் பற்றி எழுதுவது நம் வேலையல்ல. அது பிறர் செய்ய வேண்டியது.

மறைந்தவர்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரில் பெண்களுக்கென்று முதல் பள்ளிக்கூடம் துவக்கியவர் யார்? கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர் யார்? இறந்த ஆண்டாவது தெரியுமா? அடக்கத்தலப் பதிவேடு பார்த்தால் தெரியும். மஹல்லா மினிட் நோட்டைப் புரட்டினால் தெரியும். அவற்றைக் கரையான் அரிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். வயதானவர்களிடம் உட்கார்ந்து, தேதியோடு கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பரணில் கிடக்கும் பழைய இதழ்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பா. தாவூத்ஷா நடத்திய 'தாருல் இஸ்லாம்' போன்ற இதழ்களின் பிரதி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அது வெறும் காகிதமல்ல, சான்று! சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுக் கொடுங்கள். ஆய்வு மாணவர்கள் அங்கேதான் தேடி வருகிறார்கள். நாம் எழுதினால் செல்லாது, அவர்கள் எழுதினால் செல்லும். அவர்கள் எழுதுவதற்கு வேண்டிய பொருளைப் பாதுகாத்துக் கொடுப்பது நம் கடமை.

வசதியுள்ள வியாபாரிகளே, பக்கம் போடக் கேட்கிறார்களே ஒரு தொகை, அந்தத் தொகையில் ஒரு ஊரின் பழைய பதிவேடுகளை மின்படியாக்கிவிடலாம். இளைஞர்களே, எழுதும் ஆர்வமிருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத மனிதர்களைப் பற்றி, ஆதாரத்தோடு பத்துக் கட்டுரைகள் எழுதிப் பழகுங்கள். அதில் ஐந்தாவது பெண்களைப் பற்றியதாக இருக்கட்டும். எது ஆதாரம், எது புகழுரை என்ற வேறுபாடு அப்போது உங்களுக்கே பிடிபடும்.

இந்த முகாம் முடிந்து ஊர் திரும்பியதும் ஒரேயொரு வேலை செய்யுங்கள். மறைந்துபோன ஒரு பெரியவரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அவர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, செய்த காரியம், அதற்குரிய எழுத்துச் சான்று ஆகிய நான்கையும் கீழே எழுதப் பாருங்கள். எத்தனை இடம் காலியாக இருக்கிறதோ, அத்தனை வேலை உங்களுக்கு இருக்கிறது.