குற்றம் சீராக்கியிலா, சுற்றிலா?



வாடகைச் சீருந்து ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் தொடர்வண்டி நிலையத்திற்கு ஒரு குடும்பத்தாரை ஏற்றிச் செல்ல ஒப்பியிருக்கிறார். திறவுகோலைத் திருப்புகிறார். பொறி சுழல்கிறது, ஆனால் உயிர்க்கவில்லை. முகப்பில் மஞ்சள் விளக்கொன்று எரிந்தபடியே இருக்கிறது. வண்டியைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துச் செல்கின்றனர். அங்கே ‘இசுகேனர்’ என்னும் குறிகாட்டும் கருவியைப் பொருத்துகின்றனர். பி0090 என்ற குறி தோன்றுகிறது. “ரெகுலேட்டர் போய்விட்டது” என்று தீர்ப்பு வருகிறது. பல ஆயிரம் உருபா கொடுத்துப் புதியது வாங்கி மாட்டுகின்றனர். வண்டியும் ஓடுகிறது. மூன்றாம் நாள் நடுவழியில் அதே விளக்கு, அதே குறி!

புதிய உறுப்பு மூன்று நாளிற் கெட்டதா? இல்லை. பழைய உறுப்பே கெட்டிருக்கவில்லை. குறியைப் படித்ததிலேதான் பிழை நேர்ந்தது.

பி0090 என்ற குறிக்கு ஆங்கிலத்தில் ‘பியூயல் பிரசர் ரெகுலேட்டர் கண்ட்ரோல் சர்க்யூட்’ என்று பொருள் எழுதி வைத்துள்ளனர். தமிழிற் சொன்னால், ‘எரிபொருள் அழுத்தச் சீராக்கியின் கட்டுப்பாட்டுச் சுற்று’. இத்தொடரில் தலைமைச் சொல் எது? இறுதியில் நிற்கும் ‘சுற்று’ என்பதே. முன் நிற்பவை யாவும் அதற்கு அடைமொழிகள். ‘அரசன் தோட்டத்து வேலி முறிந்தது’ என்றால் முறிந்தது வேலி, அரசன் அல்லன். அரசனுக்கு மருந்து அரைப்பார் உண்டோ? பட்டறையில் வளரும் இளைஞன் இத்தொடரைப் பொருளறிந்து படிப்பதில்லை. ஒரு பெயராகவே கேட்டுப் பழகுகிறான். ‘ரெகுலேட்டர்’ என்ற ஒலி காதில் விழுந்ததும் அவன் கை அதைக் கழற்ற ஓடுகிறது. பொருள் விளங்காது ஒப்பிக்கும் ஒரு தொடருக்கு, வண்டிக்காரர் தம் ஒருவார உழைப்பை விலையாகத் தருகிறார்.

இனி அச்சுற்று எது என்று பார்ப்போம். இன்றைய டீசல் சீருந்துகளில் பெரும்பாலானவை பொதுக்குழல் முறையில் இயங்குவன. சப்பானியர் இம்முறையை 1995-இல் சரக்குந்தில் அமைத்தனர். இத்தாலியில் பியட் குழுமத்தார் உருவாக்கிச் செருமனியின் போசு நிறுவனத்தார் நிறைவாக்கிய அமைப்போடு, 1997-இல் ஆல்பா உரோமியோ 156 என்னும் சீருந்து விற்பனைக்கு வந்தது. உயரழுத்த எக்கி டீசலை ஒரு பொதுக்குழலில் அடைக்கிறது. அக்குழலினின்று ஒவ்வோர் உருளைக்கும் தெளிப்பான் வழியே டீசல் பாய்கிறது. குழலில் அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நொடிதோறும் கணக்கிடுகிறது. அக்கணக்கை நிறைவேற்றுவதே சீராக்கி. அஃது ஒரு சிறு மின்காந்த அடைப்பிதழ். உள்ளே ஒரு செப்புக் கம்பிச் சுருள், அதற்கு இரண்டே கம்பிகள். ஒன்று ‘பியூசு’ என்னும் உருகியையும் ரிலேயையும் கடந்து மின்கலத்தின் 12 வோல்ட்டைக் கொண்டு வருகிறது. மற்றொன்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கிறது. பெட்டி அக்கம்பியை நொடிக்குப் பல நூறு முறை ‘எர்த்’துடன் சேர்த்தும் பிரித்தும் மின்னோட்டத்தை அளந்து விடுகிறது. மின்கலம், உருகி, ரிலே, கம்பி, ‘கப்ளர்’ எனப்படும் செருகி, சுருள், மீண்டும் கம்பி, பெட்டி, எர்த் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே சுற்று. இவற்றுள் சீராக்கி ஒன்றே ஒன்று!

மின்னோட்டம் அற்றால் என்ன நேரும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். சீராக்கி பொதுக்குழலின் முனையில் இருக்குமாயின், மின்னோட்டம் இன்றி அது பெரும்பாலும் திறந்தே கிடக்கும். டீசல் தொட்டிக்கே திரும்பிவிடும். பொறி தொடங்கப் போதிய அழுத்தம் எழாது. மேற்சொன்ன வண்டி அவ்வகையினது. எக்கியின் நுழைவாயிலில் இருக்குமாயின், சிலவற்றில் வழி முழுதும் திறந்து அழுத்தம் வரம்பு மீறும். சிலவற்றில் முழுதும் மூடிப் பொறி நின்றுபோகும். ஆகவே, ‘அந்த வண்டியில் இப்படித்தான் இருந்தது’ என்ற பட்டறிவு மட்டும் இங்கே போதாது.

குறிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பி0090 சுற்று அறுந்திருத்தலையோ பொதுவான கோளாற்றையோ சுட்டும். பி0091 கட்டுப்பாட்டுக் கம்பியில் மின்னழுத்தம் தாழ்ந்திருத்தலைச் சுட்டும். அக்கம்பி வண்டியின் உடலில் உராய்ந்து எர்த் ஆகியிருக்கலாம். பி0092 உயர்ந்திருத்தலைச் சுட்டும். 12 வோல்ட்டுக் கம்பியோடு அது ஒட்டியிருக்கலாம். பி0089 என்பதோ சுற்றைச் சொல்லவில்லை, சீராக்கியின் செயற்பாட்டைச் சொல்கிறது. அங்கே மின்கம்பியைத் தேடுவதினும் வடிகட்டியையும் டீசலில் கலந்த நீரையும் தேடுவதே அறிவுடைமை. பி0190 முதல் வருவன அழுத்தம் அளக்கும் உணரியின் சுற்றைப் பற்றியவை. அஃது அடுத்த வீட்டுக்காரன், இவனல்லன்.

ஆய்வு தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. சீருந்தின் சக்கரத்தில் அடைக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார். பொதுக்குழலில், பொறி மெல்ல ஓடும்போதே 250 பார் அளவில் அழுத்தம் உண்டு. முழுச்சுமையில் பழைய அமைப்புகளில் 1350 பார், பின்வந்தவற்றில் 1600, 2000 பார் என உயரும். பொறி ஓடுகையில் குழல் மூட்டைத் தளர்த்துவதும், கசிவைக் கைவிரலால் தடவித் தேடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்துத் தசைக்குள் டீசலைச் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தினாற் போன்ற ஒரு புள்ளியே தெரியும். வலியும் முதலிற் சிறிதாகவே இருக்கலாம். அதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர் விரலையோ கையையோ இழக்க நேரும். அப்படிப் பட்டவரை ஒரு மணித்துளியும் தாழ்க்காது அறுவை மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். நற்பேறாகச் சுற்றின் ஆய்வுக்கு எந்தக் குழலையும் தளர்த்தத் தேவையில்லை.

முதலில் கண் பார்க்கட்டும். செருகியைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு, நீர், டீசற் பிசுக்கு, பின்னுக்குத் தள்ளப்பட்ட முள் ஆகியவற்றுள் ஒன்று தெரியலாம். கம்பிக் கட்டைத் தொடர்ந்து செல்க. பொறியின் அதிர்வில் தகட்டு விளிம்பில் உராய்ந்த இடம் உண்டா? எலி கடித்த தடம் உண்டா? சில நாள் ஓடாது நின்ற வண்டியில் எலியே முதற் குற்றவாளி. இடையிலே யாரேனும் எச்சரிக்கை மணி பொருத்தக் கம்பியை வெட்டி ஒட்டியுள்ளனரா? பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும் என்று பட்டறிவாளர் சொல்வர்.

அடுத்து வருவதே பலரும் ஏமாறும் இடம். செருகியைக் கழற்றிய நிலையில், திறவுகோலைத் திருப்பி, 12 வோல்ட்டு வரவேண்டிய முள்ளில் மீட்டரை வைக்கின்றனர். மீட்டர் 12 காட்டுகிறது. “மின்சாரம் வருகிறது, எனவே சீராக்கியே கெட்டது” என முடிவு செய்கின்றனர். இம்முடிவு பொய்! எண்முறை மீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அது பெறும் மின்னோட்டம் மிக மிகச் சிறிது. கம்பியில் களிம்பேறி ஆயிரம் ஓம் தடை குறுக்கே நின்றாலும், மீட்டர் கூச்சமின்றி 12 என்றே காட்டும். பல இழைகளில் ஓரிழை மட்டும் எஞ்சிய கம்பியும் அதன் கண்ணுக்கு முழுக்கம்பியே.

எனவே சுமை ஏற்றிப் பார்த்தல் வேண்டும். 21 வாட்டுச் சைகை விளக்கின் குமிழ் ஒன்றை எடுத்து, அந்த 12 வோல்ட்டு முள்ளுக்கும் எர்த்துக்கும் இடையே இணைக்க. நல்ல கம்பியாயின் விளக்கு பளிச்சென எரியும். மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர். இடையில் 3 ஓம் தடை ஒளிந்திருந்தால், ஏறத்தாழ 4 வோல்ட்டை அதுவே தின்றுவிடும். விளக்கு மங்கும், மீட்டரும் 8 என இறங்கி உண்மையை ஒப்புக்கொள்ளும். விளக்கு எரியும்போதே கம்பிக் கட்டை அங்கங்கே அசைத்துப் பார்க்க. சிமிட்டினால் குற்றவாளி அவ்விடத்திலே. ஆனால் இவ்விளக்கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முள்ளில் ஒருபோதும் வைக்கலாகாது. பெட்டியின் உள்ளுறுப்புக் கருகக்கூடும். தடித்த ஊசியைச் செருகியின் துளையில் திணித்தலும் தீது. துளை விரிந்து, இல்லாத கோளாற்றை நாமே படைத்தவராவோம்.

பின்னரே சீராக்கியின் சுருளை அளக்க வேண்டும். அதன் தடை மிகச் சிறிது. பல வகைகளில் 2 முதல் 5 ஓம் வரை. அந்த வண்டிக்குரிய கையேட்டின் அளவே முடிவானது. மீட்டரின் இரு கம்பிமுனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தாலே கால் ஓமோ அரை ஓமோ காட்டும். அதைக் கழித்துக் கொள்க. மூன்றில் அரை என்பது சிறு பிழையன்று. சூட்டையும் எண்ண வேண்டும். செம்பின் தடை சூடேற ஏறக் கூடும். 20 பாகையில் 3 ஓம் காட்டிய சுருள் 100 பாகையில் ஏறத்தாழ 4 ஓம் காட்டும். ஓடிவந்த வண்டியில் சுடச்சுட அளந்துவிட்டு ‘தடை மிகுந்துள்ளது’ எனக் குறை கூறுதல் அறியாமை. சுருளின் முள்ளுக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் அப்போது சீராக்கியை மாற்றுக.

எஞ்சுவது கட்டுப்பாட்டுக் கம்பி. மின்கலத்தின் தொடுப்பை நீக்கி, பெட்டியின் செருகியையும் கழற்றி, முனைக்கு முனை அளந்தால் ஓர் ஓமுக்கும் குறைவாக வரவேண்டும். அக்கம்பிக்கும் எர்த்துக்கும், அக்கம்பிக்கும் 12 வோல்ட்டுக் கம்பிக்கும் தொடர்பு இருக்கலாகாது. இவையெல்லாம் செம்மையாக இருந்த பின்னரே கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் ஐயுறலாம். அதன் விலையைக் கேட்டபின் எவரும் முன் படிகளை மீண்டும் ஒருமுறை ஆய்ந்து பார்ப்பர், அதுவும் நன்றே.

மேற்சொன்ன ஓட்டுநரின் வண்டியில் பழுது செருகிக்கு ஒரு சாண் தொலைவில், உறைக்குள்ளே ஒடிந்து, ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்த கம்பியில் இருந்தது என்று கொள்வோம். புதிய சீராக்கியை மாட்டுகையில் கம்பி அசைந்து ஒட்டிக்கொண்டது, வண்டி ஓடியது, மூன்றாம் நாள் குழியொன்றில் இறங்கிய அதிர்வில் விலகிற்று. கெட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதுக்கம்பியை ஈயப்பற்று வைத்து இணைத்து, நீர் புகாதபடி உறையிட்டு, அதிர்வு தாக்காதவாறு கட்டிவைத்தால் அரை நாள் வேலை. பிறகு குறியை அழித்து, வண்டியைக் கரடுமுரடான சாலையில் ஓட்டி, பொறி சூடேறியபின் மீண்டும் குறி வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும். விலைச்சீட்டில் ‘ரெகுலேட்டர் வேலை’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல், தோன்றிய குறி எது, விளக்கேற்றியபோது எத்தனை வோல்ட்டு, சுருளின் தடை எத்தனை ஓம், ஒடிந்த இடம் எது என்று தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை வேறொரு பட்டறையில் வண்டியைத் திறப்பவருக்கும் அது வழிகாட்டும்.